40 விநாடி வைத்தியம்!

ஒலிம்பிக்கில் ஜெயித்த அணி மேடையில் நிற்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் மெடல், கண்ணில் தண்ணீர், பின்னால் கொடி. அந்தப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்போம். யார் இல்லை என்று பார்ப்பதில்லை. கோச் இருக்க மாட்டார். டாக்டர் இருக்க மாட்டார். ஸ்கேட் பிளேடைத் தீட்டிக் கொடுத்தவர், காலுக்குக் கட்டுப் போட்டவர்... ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஒலிம்பிக்கில் மெடல் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். கோச்சாக இருந்தாலும் கிடையாது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கிற இடத்தில் வைத்தியத்தை நாலு கூறாகப் பிரித்துச் சொல்லுவார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று. நாலாவது, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிற ஆள். நாங்கள் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் முதல் மூன்றைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் நடக்கும். நாலாவது ஆள் ஒரு வரியில் முடிந்துபோவார். அந்த நாலாவது ஆளைப் பற்றித்தான் இந்தத் தடவை சொல்லப்போகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் ஊர் ஆஸ்பத்திரி இல்லை. ஐஸ் ஹாக்கி!

"ஐஸ் ஹாக்கிக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே லடாக்கில் குளம் உறைந்துபோகிற மாதங்களில் பையன்களும் பெண்களும் ஆடுகிறார்கள். இந்தியாவுக்கென்று ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது 1980-ஆம் வருஷம் அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற சின்ன ஊரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக். ஒரு டாக்டர் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கதை. மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல், வெறும் நேரத்தைக் கொண்டே செய்த வைத்தியம் அது.

முதலில் ஆட்டம் எப்படி என்று இரண்டு வார்த்தை. பனித்தரை, காலில் கத்தி போல இரும்பு பிளேடு வைத்த பூட்ஸ், கையில் மட்டை. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு கோல் கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதி. மற்ற பல ஆட்டங்களில் ஆள் மாற்ற நடுவரைக் கேட்க வேண்டும். இதில் கேட்க வேண்டாம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தர் பலகைச் சுவரைத் தாண்டி பெஞ்சுக்கு வருவார், இன்னொருத்தர் குதித்து உள்ளே போவார். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

பெஞ்சுக்குப் பின்னால் யார்?

1964, 1968, 1972, 1976 என்று வரிசையாக நாலு ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிய அணி சோவியத் ரஷ்யா. வருஷத்தில் பெரும்பகுதியை முகாமிலேயே கழித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகப் பழகிய ஆட்டக்காரர்கள். அவர்களுடைய கோச் விக்டர் டிகோனோவ். கண்டிப்பான மனுஷன். எதிரே அமெரிக்கா இறக்கியது பெரும்பாலும் கல்லூரிப் பையன்களை.

அமெரிக்க கோச்சின் பெயர் ஹெர்ப் புரூக்ஸ். மின்னசோட்டா பல்கலைக்கழக அணியின் கோச்சாக இருந்தவர். அதே பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்தவர். 1960-இல் அமெரிக்கா தங்கம் வாங்கியதே, அந்த அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்டவர் இவர்தான். அந்த வேகம் இருபது வருஷமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது. சித்த வைத்தியப்படி சொன்னால் நல்ல பித்த தேகி! பையன்களைத் திட்டுவார், விரட்டுவார், சிரிக்கவே மாட்டார். எல்லாருக்கும் பொது எதிரியாகத் தான் ஒருத்தன் இருந்துவிட்டால், பையன்கள் தங்களுக்குள் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

வீட்டில் அப்பா அப்படி இருந்தால் அம்மா எப்படி இருக்க வேண்டும்? அந்த வேலையைச் செய்தவர் உதவி கோச் கிரெய்க் பாட்ரிக். கோச் கிழித்ததை இவர் தைப்பார். பையன்கள் மனதில் இருப்பதைக் கொட்ட ஒரு காது வேண்டுமே, அந்தக் காது இவர். கோல் கீப்பர்களுக்கென்று தனியாக வாரன் ஸ்ட்ரெலோ என்ற பயிற்சியாளர். புரூக்ஸுக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். காயங்களைப் பார்த்துக்கொள்ள டிரெய்னர் கேரி ஸ்மித். மட்டை, பூட்ஸ், கவசம் எல்லாவற்றுக்கும் பட் கெஸல். பிறகு நம் கதாநாயகர், அணியின் டாக்டர் ஜார்ஜ் நகோபாட்ஸ்.

இந்த நகோபாட்ஸ் பிறவி அமெரிக்கர் இல்லை. 1921-இல் லாட்வியா நாட்டின் ரீகா நகரில் பிறந்தவர். உலக யுத்தத்தில் ஊரை விட்டு வந்து, ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1958 முதல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஹாக்கி அணிக்கு டாக்டர். ஆக, லேக் பிளாசிட் வருவதற்கு முன்பே புரூக்ஸும் இவரும் வருஷக்கணக்கில் ஒரே பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்கள். ஒருத்தர் குணம் இன்னொருத்தருக்கு அத்துப்படி. இது சாதாரண விஷயம் இல்லை. புது டாக்டர் சொல்வதைக் கேட்காத நோயாளி, இருபது வருஷமாகப் பார்க்கிற குடும்ப டாக்டர் ஒரு முறை முறைத்தால் கேட்பதில்லையா?

அதென்ன 40 விநாடி?

1980 பிப்ரவரி 22. அமெரிக்காவும் சோவியத்தும் மோதுகிற நாள். புரூக்ஸ் தன் டாக்டரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் வேலையைக் கொடுத்தார். ஒரு செட் ஆட்டக்காரர்கள் பனியில் இறங்கியதும் அமுக்க வேண்டும். 35, 40 விநாடி ஆனதும் சொல்ல வேண்டும். 40-ஐத் தாண்டி யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கும்போது, 58 வயது டாக்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்! எனக்கென்னவோ அன்றைக்கு அந்த அரங்கத்திலேயே கஷ்டமான வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

ஏன் 40? இங்கேதான் நம் பாடம்.

நம் தசைக்குள் கைச்செலவுக்கு வைத்த காசு மாதிரி கொஞ்சம் சக்தி எப்போதும் தயாராக இருக்கும். முழு வேகத்தில் ஓடினால் அது இரண்டு மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு சேமிப்பு கை கொடுக்கும். அதுவும் சுமார் பத்து விநாடிதான். பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் ஓடுகிறீர்களே, அந்த ஓட்டம் இந்தக் காசில்தான் நடக்கிறது.

அதற்கு மேலும் அதே வேகத்தில் ஓட வேண்டுமென்றால், தசையில் சேர்ந்திருக்கிற சர்க்கரையை உடம்பு எரிக்கத் தொடங்கும். நிதானமாக நடக்கும்போது பிராண வாயுவின் துணையோடு சுத்தமாக எரியும். ஆனால் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறவனுக்கு அவ்வளவு பிராண வாயு போதாது. அரைகுறையாக எரியும். ஈர விறகை அடுப்பில் வைத்தால் புகைகிறதில்லையா, அதுபோல லாக்டேட்டும் அமிலமும் தசைக்குள் சேரும். முப்பது நாற்பது விநாடி வரை தசை சமாளிக்கும். அதற்குப் பிறகு தொடை கல்லாகக் கனக்கும். மூச்சு இரைக்கும். கை மட்டையைச் சரியாகப் பிடிக்காது. முக்கியமாக, புத்தி மந்தமாகும். வட்டை யாருக்குத் தள்ளுவது என்ற முடிவு அரை விநாடி தாமதமாக வரும். அந்த அரை விநாடியில் எதிராளி கோல் போட்டுவிடுவான்.

(நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் கால் வலிப்பதற்கு இந்த லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிம்மில்கூட அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தப்பு. அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படுகிற நுண்ணிய சிதைவால் வருவது.)

சரி, பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறையப் பாதி, அரை நிமிஷத்திலேயே திரும்பி வந்துவிடும். மூன்று நாலு நிமிஷத்தில் பெரும்பாலும் நிரம்பிவிடும். நாடித் துடிப்பு இறங்கும். அன்றைய கணக்குப்படி ஒரு அணிக்கு 12 முன்வரிசை ஆட்டக்காரர்கள். மூன்று மூன்று பேராக நாலு செட். ஒரு செட் 40 விநாடி ஆடினால் மற்ற மூன்று செட்டும் ஆடி முடிக்க 2 நிமிஷம். அதாவது ஒரு பங்கு உழைப்பு, மூன்று பங்கு ஓய்வு. பின்வரிசையில் ஆறு பேர், இரண்டு இரண்டாக மூன்று செட். அவர்களுக்கு இரண்டு பங்கு ஓய்வு. இது கெடாமல் ஓடினால் கடைசி நிமிஷத்திலும் கால் புதுசாக இருக்கும். ஒருத்தன் ஆசைப்பட்டு ஒன்றரை நிமிஷம் உள்ளேயே நின்றுவிட்டால்? அவன் மட்டும் சோர்வதில்லை. மற்றவர்கள் பெஞ்சில் உடம்பு ஆறிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். களைத்தவனோ தனக்குக் கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் மீள மாட்டான். முழு வண்டியும் தடம் மாறிவிடும்.

"ஆடுகிறவனுக்குத் தெரியாதா தான் களைத்துவிட்டோம் என்று? இதற்கு ஒரு டாக்டர் எதற்கு?"

தெரியாது! அதுதான் விஷயம். ஆட்ட வெறியில் இருக்கிறவனுக்குத் தன் களைப்பு கடைசியாகத்தான் தெரியும். ரத்தத்தில் அட்ரினலின் ஏறிக் கிடக்கும்போது உடம்பு போடுகிற சத்தம் காதில் விழாது. என்னிடம் வருகிற குடும்பத் தலைவிகளைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர், இவங்கதான் சும்மா கூட்டிட்டு வந்தாங்க" என்பார்கள். ரத்தக் கொதிப்பு எடுத்துப் பார்த்தால் 180-க்கு மேலே இருக்கும். கூட்டிவந்த பொண்ணோ மருமகளோ தான் அந்த ஸ்டாப் வாட்ச். நோவு இருக்கிறவருக்கு வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கு ஆட்டத்தில் ஆசை இருக்கக் கூடாது. புரூக்ஸ் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் டாக்டரிடம் கொடுத்தார் பாருங்கள், அவர் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆட்டம் எப்படிப் போனது? சோவியத்தான் முதல் கோல். முதல் பகுதி 2-2. அந்தச் சமயத்தில் டிகோனோவ், உலகத்திலேயே சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கிய திரெத்யாக்கை வெளியே உட்கார வைத்துவிட்டு மிஷ்கினை இறக்கினார். பிற்காலத்தில் அவரே அதைத் தன் பெரிய தவறு என்று சொல்லியிருக்கிறார். இரண்டாம் பகுதியில் சோவியத் 3-2. மூன்றாம் பகுதியில் அமெரிக்கா சமன் செய்தது. ஆட்டம் முடிய சரியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது மைக் எருசியோனே போட்ட கோலில் 4-3.

பத்து நிமிஷம் என்றால் 600 விநாடி. 40 விநாடி வீதம் பதினைந்து முறை. அந்தப் பதினைந்து முறையும் பெஞ்சிலிருந்து புதுக் கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் சோவியத்தைப் பிடித்து நிறுத்த முடியும். நிறுத்தினார்கள். கோல் கீப்பர் ஜிம் கிரெய்க் மட்டும் மாறாமல் 60 நிமிஷமும் நின்றார். 39 அடியில் 36-ஐத் தடுத்தார். அவருக்கென்று தனியாக ஒரு ஸ்ட்ரெலோ இருந்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

தொடையில் விழுந்த அடி

இனி அதே நகோபாட்ஸ் சங்கடப்பட்ட கதை. வைத்தியம் படித்தவர்களுக்கு இதுதான் உண்மையான பாடம் என்பேன்.

பத்து நாள் முன்னால், பிப்ரவரி 12, ஸ்வீடனோடு முதல் ஆட்டம். ராப் மெக்ளனஹன் என்ற பையனுக்குத் தொடையில் பலமான அடி. ஆழத்தில் ரத்தக்கட்டு. இனி இன்று ஆட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் உடையைக் கழற்றி ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புரூக்ஸ் டாக்டரிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். இவன் ஆடினால் காயம் இதைவிட மோசமாகுமா? மோசமாகாது, ஆனால் வலி பயங்கரமாக இருக்கும் என்றார் டாக்டர். அவ்வளவுதான். புரூக்ஸ் நேரே உள்ளே போய் அந்தப் பையனை எல்லார் முன்னாலும் கோழை என்கிற மாதிரி கத்தினார். பையன் அடிக்கவே எழுந்துவிட்டான். அணியே கோச்சுக்கு எதிராகத் திரண்டுவிட்டது. கோச் எதிர்பார்த்ததும் அதுதான்!

மெக்ளனஹன் மறுபடி உடையை மாட்டிக்கொண்டு ஆடினார். பெஞ்சில் உட்கார்ந்தால் தொடை விறைத்துக்கொள்ளும் என்பதால் நின்றுகொண்டே இருந்தார். ஆட்டம் முடிய 27 விநாடி இருக்கும்போது பில் பேக்கர் கோல் போட்டு 2-2 என்று டிரா செய்தார். அன்று தோற்றிருந்தால் பிறகு சோவியத்தை ஜெயித்தும் தங்கம் கைக்கு வந்திருக்குமோ என்னவோ.

இதில் யார் செய்தது சரி? புரூக்ஸ் அந்தப் பையனை அவமானப்படுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. வலியில் இருப்பவனை நாலு பேர் முன்னால் குத்திக் காட்டுவது ஒரு சிகிச்சை முறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கத்துவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டார். மோசமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இடத்தில் 'ஆகும்' என்று சொல்ல ஒரு டாக்டருக்குத் தைரியம் வேண்டும். கேட்டுக்கொள்ள ஒரு கோச்சுக்கு மனசு வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் நடுவில் மாட்டிக்கொள்வது ஆடுகிற பையன்தான். தலையில் அடி என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது. யார் கெஞ்சினாலும், யார் கத்தினாலும் சரி. உங்கள் பையன் பள்ளிக்கூட மைதானத்தில் தலை மோதி விழுந்து, தலை சுற்றுது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு என்றால் உங்களுக்கும் இதே விதிதான்.

தொடை ரத்தக்கட்டு விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கிற ஒரு தப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அடிபட்டு வந்ததும் தைலத்தைச் சூடாக்கி அழுத்தித் தேய்க்கிறார்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், முதல் இரண்டு நாள் தைலமும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம், தேய்ப்பதும் வேண்டாம். உள்ளே உடைந்த ரத்தக் குழாய் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். சூடு போட்டால் கசிவு கூடும். பலமாகத் தேய்த்தால் சில பேருக்கு அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு மாதிரி கெட்டி வளர்ந்துவிடும். பிறகு முழங்கால் மடங்காது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டி கால் மணி நேரம், பிறகு எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. முழங்காலை வலி பொறுக்கிற அளவு மடக்கி வைத்தபடி ஐஸ் வைத்தால் இன்னும் நல்லது. வீக்கம் நின்ற பிறகு, தோல் கிழியாமல் இருந்தால், மூசாம்பரப் பற்றுப் போடலாம். நம் முன்னோர் கண்ட நல்ல மருந்து அது. ஆனால் தொடை கல் மாதிரி இறுகிக்கொண்டே போனாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் விரலை அசைத்தால் உயிர் போகிற வலி வந்தாலோ, பற்று, தைலம் எதையும் தேடாதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தப் பெரிய அடியையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

பூட்ஸ் தீட்டுகிறவர்

பட் கெஸல் மாதிரி ஆட்களுடைய வேலை வெளியே தெரியவே தெரியாது. ஸ்கேட் பிளேடின் அகலம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான். அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தீட்டுவார்கள். அதனால் இரண்டு ஓரமும் இரண்டு கத்தி முனை. பள்ளம் ஆழமாக இருந்தால் பனியை நன்றாகக் கவ்வும், ஆனால் வேகம் குறையும், கால் சீக்கிரம் சோரும். ஆழம் குறைந்தால் வழுக்கும், ஆனால் வேகம். ஒவ்வொரு ஆளுடைய எடை, பழக்கம் பார்த்துத் தீட்ட வேண்டும். நம் ஊர் நாவிதர் ஒவ்வொரு கன்னத்துக்கும் தக்கபடி கத்தி பிடிக்கிற மாதிரி. தீட்டல் சரியில்லாவிட்டால் இடுப்பும் முழங்காலும்தான் அதற்கு வட்டி கட்டும்.

இன்னொரு வேலை காய வைப்பது. குளிர் பிரதேசத்தில் வேர்க்காது என்று நினைக்கிறோம். கவசத்துக்குள் உடம்பு கொதிக்கும். ஒரு ஆட்டத்தில் லிட்டர் கணக்கில் வேர்வை போய்விடும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குடிக்கவும் மறந்துவிடுவார்கள். நனைந்த கையுறை, பூட்ஸ், கவசத்தை அப்படியே பையில் போட்டு மூடினால் படை, சேற்றுப்புண், சீழ்க்கட்டி எல்லாம் வரிசையாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனின் ஷூவையும் சாக்ஸையும் மூலையில் எறிந்துவிட்டு, "டாக்டர், விரலிடுக்கில் அரிப்பு" என்று வருகிறார்களே, அதே கதைதான். மருந்து கால் பங்கு வேலை செய்யும். மீதி வேலையைக் காற்றும் வெயிலும்தான் செய்ய வேண்டும்.

குளிர்ந்த வறண்ட காற்றை வாயால் இழுத்து இழுத்து ஆடுவதால் இந்த ஆட்டக்காரர்களுக்கு இரைப்பும் வறட்டு இருமலும் வருவதுண்டு. பனியைச் சீராக்கப் பெட்ரோலிலோ கேஸிலோ ஓடுகிற வண்டி வந்தால், மூடிய அரங்கில் அதன் புகையும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்களை அணி டாக்டர் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கழுத்து

காலில் கத்தி கட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில் டிரெய்னர் என்பவர் வெறும் கட்டுப் போடுகிறவர் மட்டும் இல்லை. 1989 மார்ச் 22. இது தேச அணி ஆட்டம் இல்லை, பஃபலோ என்ற கிளப் அணியின் ஆட்டம். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. கோல் கீப்பர் கிளின்ட் மலர்ச்சுக்கின் கழுத்தில் எதிராளியின் ஸ்கேட் பிளேடு பாய்ந்து பெரிய ரத்தக் குழாய் அறுந்துவிட்டது. பனித்தரை சிவப்பாகிவிட்டது. பார்த்தவர்களில் பலர் மயங்கி விழுந்தார்கள். டிரெய்னர் ஜிம் பிட்ஸுடெல்லி ஓடிப்போய், காயத்துக்குள் கை விட்டு, அறுந்த குழாயை விரலால் பிடித்து நசுக்கிக்கொண்டார். வியட்நாம் யுத்தத்தில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர் அவர். அந்த விரல் அங்கே இல்லாமலிருந்தால் ஆஸ்பத்திரி போகிறவரை உயிர் தாங்கியிருக்காது.

மலர்ச்சுக் பிழைத்தார். சில நாளில் திரும்ப ஆடவும் வந்துவிட்டார். ஆனால் மனதில் விழுந்த அறுப்பு அவ்வளவு சீக்கிரம் மூடவில்லை. பல வருஷம் பயமும் மனச்சோர்வும் தன்னைப் பிடித்து ஆட்டியதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பின்னாளில் அவரும் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கோச்சாக ஆனார்.

2023 அக்டோபர் 28-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆடம் ஜான்சன் என்ற 29 வயது அமெரிக்கருக்கு அதே மாதிரி கழுத்தில் காயம். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம், தன் போட்டிகளில் ஆடுகிற பெரியவர்கள் அணிகளுக்கும் கழுத்துக் காப்பு கட்டாயம் என்று அறிவித்தது. சின்னப் பையன்களுக்கு ஏற்கெனவே இருந்த விதிதான். பெரியவர்கள்தான் "புழுக்கமா இருக்கு, கழுத்தைத் திருப்ப முடியலை" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேலே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற நம் ஆட்களுடைய சாக்கும் இதுதானே!

வீட்டில் அரிவாள்மணையோ கண்ணாடியோ ஆழமாகக் கிழித்து ரத்தம் பீறிட்டால் நீங்கள்தான் அந்த டிரெய்னர். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அழுத்தின கையை எடுக்காமல் இன்னொருத்தரை 108-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். கழுத்தென்றால் காயம்பட்ட இடத்தை மட்டும் அழுத்த வேண்டும், சுற்றிக் கட்டினால் மூச்சு நின்றுவிடும்.

சோவியத்தை ஜெயித்தவுடன் அமெரிக்காவுக்குத் தங்கம் வந்துவிட்டது என்று இன்றுகூடப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 24-இல் பின்லாந்தையும் ஜெயிக்க வேண்டியிருந்தது. இரண்டு பகுதி முடிந்தபோது 2-1 என்று பின்லாந்து முன்னால் இருந்தது. மூன்றாம் பகுதியில் அமெரிக்கா மூன்று கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தது. அதில் முன்னிலை கொடுத்த கோல், தங்கத்தை முடிவு செய்த கோல், யார் போட்டது தெரியுமா? தொடையில் ரத்தக்கட்டோடு நின்றுகொண்டே இருந்த அதே மெக்ளனஹன்!

ஹெர்ப் புரூக்ஸ் 2003 ஆகஸ்டில் மின்னசோட்டாவில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. வாரன் ஸ்ட்ரெலோ 2007-இல் காலமானார். டாக்டர் நகோபாட்ஸ் நிறைந்த ஆயுளோடு இருந்தார். 2023 மார்ச் மாதம் அவர் கண்ணை மூடியபோது வயது 101.